அந்தப் பெட்டை யாருடா? — வான்கோழி வேட்டைக் கதைகளை வாசித்தல்

அதிகாலை நாலு மணிக்கு அலாரம் அடிக்கும். ஃபிளாஸ்கில் காபி. பிக்கப் வண்டியின் கதவைச் சத்தம் வராமல் இடுப்பால் அழுத்தி மூட வேண்டும். இருட்டில் நடை. ஒரு மேட்டில் நின்று ஆந்தை மாதிரிக் கூவ வேண்டும். தூரத்து மரத்தின் மேலிருந்து ஒரு சேவல் பதில் கொடுக்கும். விறுவிறுவென்று போய் ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டையின் குரலில் கூப்பிட வேண்டும். பதில் வரும். மறுபடி கூப்பிட்டால் மறுபடி பதில். பிறகு நீண்ட மௌனம். 'அவ்வளவுதான், போயிடுச்சு' என்று கதைசொல்லி நினைக்கும் நேரத்தில், எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக ஒரு தலை எட்டிப் பார்க்கும். வெடிச்சத்தம். எடை இத்தனை பவுண்டு, தாடி இத்தனை அங்குலம், கால்முள் இத்தனை அங்குலம். முற்றும்.

அமெரிக்காவின் வசந்தகால வான்கோழி வேட்டைக் கதை என்றால் இதுதான். கடந்த சில வருடங்களில் நூறு கதைகளுக்கு மேல் வாசித்திருப்பேன். புத்தகங்களில், பழைய வேட்டைப் பத்திரிகைகளில், யாரோ ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் தன் பேரப்பிள்ளைகளுக்காக அச்சடித்த சின்னப் புத்தகத்தில். எல்லாம் ஒரே கதை. நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு இதை ஒரு ஃப்ளோசார்ட்டாகவே பார்க்க முடிகிறது: ஆறு கட்டம், இரண்டு கிளை, ஒரே முடிவு. ஒரு மதியத்தில் இதை எழுதித் தள்ளும் ஸ்கிரிப்ட் ஒன்றை என்னால் செய்துவிட முடியும்.

ஆனாலும் வாசிப்பதை நிறுத்த முடியவில்லை. ஒரே கதையை நூறு தடவை வாசிக்க வைப்பது எது என்பது இலக்கியக் கேள்விதான். துப்பறியும் கதையையும் அம்மன் கூத்தையும் பற்றி நாம் கேட்கும் அதே கேள்வி. அதோடு எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் பாக்கி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பறவை. தமிழில் வான்கோழி ஒரு கோமாளி. மூதுரையில் மயிலைப் பார்த்துத் தன் பொல்லாச் சிறகை விரித்து ஆடிய பாவத்துக்காக, பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு தமிழனும் அதைக் கேலி செய்திருக்கிறான். இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்று நாம் வான்கோழி என்று சொல்லும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு மட்டுமே உரியது. மெக்சிகோவில் பழக்கப்படுத்தப்பட்டு, ஸ்பானியர்கள் கையில் ஐரோப்பாவுக்குப் போய், அதற்கப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தது. மூதுரை 1500க்கு முந்தையது என்றால் அதில் ஆடிய பறவை வேறு ஏதோ ஒன்று. யாரோ செய்த குற்றத்துக்கு நம்ம டர்க்கி ஐந்நூறு வருடமாகத் தண்டனை அனுபவிக்கிறது.

இந்தியாவில் இந்தப் பறவையை முதலில் ஒழுங்காகப் பார்த்து எழுதியவர் என்று நான் கொண்டாடுவது ஜஹாங்கீரை. 1612இல் முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த விநோதப் பிராணிகளில் ஒரு வான்கோழிச் சேவலும் இருந்தது. மன்சூரை விட்டு அதை வரையச் சொன்னார் பேரரசர். அந்த ஓவியம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தன் நினைவுக்குறிப்பில் அந்தப் பறவையின் தலை நிறம் மாறுவதை ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார்: சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு நீலமாகி, ஓந்தி போல. எடை கிடையாது, வெறும் கவனம். இத்தனைக்கும் இதே மனிதர்தான் தன் ஆயுளில் கொன்ற விலங்குகளுக்கு ஆள் வைத்துக் கணக்கு எடுத்தவர். பதினேழாயிரத்துச் சொச்சம் என்று அதே நூலில் பதிவாகியிருக்கிறது. ஒரே ஆளுக்குள் ஒரு கணக்கப்பிள்ளையும் ஒரு பார்வையாளனும் இருந்தார்கள். வான்கோழிக் கதைகளை வாசிக்கும்போது இந்த இரண்டு பேரில் யார் பேனாவைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது.

இனி நாடகம். வசந்தத்தில் வான்கோழிச் சேவல் விடியும் முன்னே, தான் அடைந்த மரத்தின் மேலிருந்தே கத்தத் தொடங்கும். 'கோபிள்' என்பார்கள். தொண்டைக்குள் கூழாங்கற்களை உருட்டிவிட்டது போன்ற, ஒரு கிலோமீட்டருக்கு மேலும் கேட்கக்கூடிய சத்தம். 'நான் இங்கே இருக்கேன், வாங்க' என்பது அதன் பொருள். இயற்கையின் வழக்கப்படி பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். சேவல் நின்ற இடத்தில் விசிறியை விரித்துக்கொண்டு காத்திருக்கும். வேட்டைக்காரன் செய்வது இதைத் தலைகீழாக்குவது. மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, பெட்டையின் குரலில் 'நான் வரமாட்டேன், நீ வா' என்கிறான். சேவலின் குணத்துக்கே எதிரான கோரிக்கை. அதனால்தான் பெரும்பாலான சேவல்கள் ஐம்பது, அறுபது கெஜத்தில் வந்து நின்றுவிடும். நின்று கத்தும், விசிறும், இங்குமங்கும் நடக்கும், அதற்கு மேல் ஒரு அடி வராது. ஷாட்கன் உருப்படியாகப் பேசுவது நாற்பது கெஜத்துக்குள். மிச்சமிருக்கும் பத்து, இருபது கெஜம்தான் இந்த இலக்கியம் முழுவதும்.

மானைச் சுடுபவன் காற்றின் திசையைப் பார்க்கிறான். வான்கோழிக்கு மோப்பம் பற்றிக் கவலையில்லை. கண்தான் எல்லாம். நிறம் தெரியும், சுற்றியிருப்பதில் பெரும்பகுதி தலை திருப்பாமலே தெரியும், விரல் அசைந்தால் போதும், ஆள் காலி. எனவே கதைசொல்லி முகத்தை வலையால் மூடிக்கொண்டு, மரத்தோடு மரமாக, கால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். செயல் எல்லாம் காதில் நடக்கிறது. அசையாத மனிதன், காணாத பறவை, நடுவில் ஒரு பொய்க்குரல். சாகசக் கதை என்று சொல்லிக்கொள்ளும் எந்த வகைமையிலும் இவ்வளவு அசைவின்மையை நான் பார்த்ததில்லை. ஜிம் கார்பெட்டில் கூட நடை இருக்கிறது, கால்தடம் இருக்கிறது, அடுத்த திருப்பத்தில் புலி இருக்கலாம் என்ற பயம் இருக்கிறது. இங்கே வேட்டைக்காரனுக்கு ஆபத்து என்று ஒன்றுமே இல்லை. ஏமாற்றம் மட்டும்தான் ஆபத்து. ஏமாற்றத்தை மட்டும் வைத்து ஒருவனுக்கு நெஞ்சு படபடக்க வைக்க முடிகிறது என்றால், சும்மா சொல்லக் கூடாது, அந்த வடிவத்தில் ஏதோ இருக்கிறது.

இந்த வகைமையின் பெரிய புத்தகம் என்று எல்லோரும் கைகாட்டுவது டாம் கெல்லியின் 'டென்த் லீஜியன்', 1973. கெல்லி அலபாமாக்காரர், தொழிலால் வனவியலாளர், ராணுவத்திலும் இருந்தவர். ஜூலியஸ் சீசர் மற்ற எல்லாப் படையையும் விட நம்பிய பத்தாவது லீஜியனின் பெயரைத் தன்னைப் போன்ற வான்கோழிப் பைத்தியங்களுக்குச் சூட்டியிருக்கிறார். அந்தத் தலைப்பிலேயே அவருடைய தொனி வந்துவிடுகிறது: பெரிய சரித்திரப் பாவனை, உள்ளே முழுக்க நக்கல், பெரும்பாலும் தன்னையே. வேட்டைப் புத்தகம் என்றால் வேட்டைக்காரன் ஜெயிப்பான் என்ற எதிர்பார்ப்போடு திறப்பவனைக் கெல்லி மெல்லக் கவிழ்க்கிறார். அவருக்குத் தோல்வியில்தான் ருசி. தான் எப்படி முட்டாளாக்கப்பட்டேன் என்பதைச் சொல்லும்போது வாக்கியங்கள் நீண்டு, சுழன்று, மறுபடி எழுகின்றன. சுட்டு வீழ்த்தியதைச் சொல்ல வேண்டி வந்தால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறார். மளிகைக்கடையில் பாக்கிச் சில்லறை வாங்கிக்கொள்வது போல.

கெல்லிக்கு முன்பு இந்தத் துறையில் கைகாட்ட வேண்டிய நூல் 1914இல் வந்தது. சார்லஸ் ஜோர்டன் என்பவர் வாழ்நாள் முழுக்க வான்கோழிகளைப் பின்தொடர்ந்து குறிப்பெடுத்து வைத்தார். அதைப் புத்தகமாக்கும் முன்பே கொல்லப்பட்டார். அந்தக் குறிப்புகளை வாங்கி முடித்து வெளியிட்டவர் எட்வர்ட் மெக்கில்ஹென்னி. ஆமாம், டபாஸ்கோ மிளகாய் சாஸ் குடும்பத்து ஆள்தான். தொப்பியில் செருகும் இறகுக்காகக் கொக்குகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்ட காலத்தில், தன் லூசியானா தோட்டத்தில் அவற்றுக்கு அடைக்கலம் கட்டியவரும் இவரே. அந்தப் புத்தகம் ஒரு கையேடு. எந்த எலும்பில் ஊதல் செய்வது, எப்போது கூப்பிடுவது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று போகும். எனக்கு அது கதைகளை விடப் பிடிக்கும். கையேட்டில் வெற்றி என்ற கட்டம் கிடையாது. பறவை என்ன செய்யும் என்பது மட்டுமே இருக்கிறது.

கெல்லியைக் கொண்டாடும் அதே வாயால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் போர்மொழியில் சிந்திக்கிறார். பறவை மதிப்புக்குரிய எதிரி, காடு களம், தோல்வி பின்வாங்கல். படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன நாடகத்தை யோசித்துப் பாருங்கள். சேவல் சண்டைக்கா வருகிறது? அதற்கு எதிரி என்று யாரும் இல்லை. அது ஒரு பெண்ணைப் பார்க்க வருகிறது. போர் என்ற உருவகம் இந்த இடத்தில் ஒரு சால்ஜாப்பு வேலை செய்கிறது: ஏமாற்றை வியூகமாக மாற்றிக் கொடுக்கிறது. எங்கள் தொழிலில் அனுப்பாத ஆள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிப்பவனை யாரும் தளபதி என்று அழைப்பதில்லை.

இப்போது என் சொந்தக் கணக்கு.

நான் நாலு வருடம் அட்லாண்டாவில் ஆன்சைட்டில் இருந்தேன். அணியில் ஜார்ஜியாவின் தெற்குப் பகுதியிலிருந்து வந்த மூத்த டெஸ்டர் ஒருவர் இருந்தார். ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர், என் கோடில் பிழை கண்டுபிடித்தால் அதை ஒரு மரண அறிவிப்பு போல மெதுவாக வந்து சொல்பவர். ஏப்ரல் மாதம் மட்டும் திங்கட்கிழமைகளில் கண் சிவந்து வருவார். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் கேட்டேன். 'சனிக்கிழமை வர்றியா? துப்பாக்கி உனக்குக் கிடையாது. உட்காரணும், அசையக் கூடாது, அவ்வளவுதான். கோட் ஃப்ரீஸ் மாதிரி நினைச்சுக்கோ' என்றார்.

போனேன். நாலு மணி, ஃபிளாஸ்க், இடுப்பால் மூடிய கதவு, எல்லாம் நான் மேலே எழுதியபடியே. டாக்வுட் மரங்கள் இருட்டிலேயே வெள்ளையாகத் தெரிந்தன. அவர் ஆந்தை போலக் கூவினார். பள்ளத்துக்கு அப்பாலிருந்து கோபிள் வந்தது. பிறகு ஒரு பெரிய ஓக் மரத்தடியில் அவர் சாய்ந்து உட்கார, நான் அவர் இடது தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து வட்டமான ஸ்லேட் ஒன்றை எடுத்து, மரக்குச்சியால் அதன்மேல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். சிலேட்டுப் பலகையில் குச்சி கீறும் அதே ஒலி. ஒன்றாம் வகுப்பில் பல் கூசிய அந்தச் சத்தம்தான், அவர் கையில் அது ஒரு பறவை ஆனது.

முக்கால் மணி நேரம். இதில் ஒன்று எந்தக் கதையிலும் எனக்குச் சரியாகக் கிடைக்காதது: சேவல் நெருங்கும்போது கோபிளுக்கு நடுவே இன்னொரு சத்தம் உண்டு. காதால் கேட்பது போலில்லை, விலா எலும்பில் உணர்வது போல ஒரு தாழ்ந்த முழக்கம். தூரத்தில் எங்கோ கனரக லாரி ஐடிலில் நிற்பது மாதிரி. அது தொடங்கியபோது என் கை நடுங்கியது. வா, வா, வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான், முட்டைக்குள் ரத்தப்புள்ளி இருந்தால் தட்டைத் தள்ளிவிடும் நான்.

வந்தது. தலை ஜஹாங்கீர் சொன்னபடியே இருந்தது. விசிறியின் ஓரத்தில் வெயில் பட்டு வெண்கலம். சுட்டார். சிறகுகள் சருகில் அடித்துக்கொண்டு அடங்கச் சில நொடி ஆனது. அவர் நடந்து போய், மண்டியிட்டு, உள்ளங்கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எனக்கு அப்போது இருந்த உணர்ச்சியின் பெயர் சந்தோஷம். வேறு எதுவும் இல்லை. குற்ற உணர்வு எல்லாம் பிறகு வந்தது, அதுவும் எழுதும்போது.

அன்று இரவே மதுரையில் இருக்கும் நண்பனுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கல்லூரி நாட்களிலிருந்து நான் எழுதும் எதையும் முதலில் வாசிப்பவன் அவன்தான். எனக்கே தெரியாமல் அதே ஃப்ளோசார்ட். கடைசி வரி: எடை இருபத்தோரு பவுண்டு, தாடி பத்து அங்குலம். என்ன அநியாயம் பாருங்கள், அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட அதுவரை நான் வாசித்ததில்லை. வடிவம் எனக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. வெற்றிகரமான ஒரு காலையைச் சொல்ல உட்கார்ந்தால் வாக்கியம் தானாகவே தராசை நோக்கித்தான் ஓடும் போலிருக்கிறது.

நண்பன் ஒரே வரியில் பதில் போட்டிருந்தான்: 'எல்லாம் சரி மாப்ள, அந்தப் பெட்டை யாருடா? அது என்ன ஆச்சு?'

சிரித்தேன். பெட்டை எங்கே இருந்தது? ஒரு ஸ்லேட்டும் குச்சியும்தான். ஆனால் அந்தக் கேள்வியோடு பிற்பாடு இந்த இலக்கியத்தை வாசிக்க ஆரம்பித்தபோது நூறு கதையிலும் அந்த ஓட்டையைப் பார்த்தேன். கதையின் மையப் பாத்திரமே பெட்டைதான். சேவல் அவளுக்காக வருகிறது, வேட்டைக்காரன் அவளாகப் பேசுகிறான், அரை மணி நேரத்துக்கு அவன் அவளாகவே இருக்கிறான். 'கொஞ்சம் குறைவாகப் பேசு, அலட்சியமாக இரு, அவன் கத்தினால் உடனே பதில் சொல்லாதே' என்பதெல்லாம் நிஜமான ஆலோசனைகள். மீசை வைத்த தென்மாநில ஆண்கள் வருடம் தவறாமல் பெண்ணாக நின்று காதலனை வரவழைக்கிறார்கள். கூத்தில் பெண்வேடம் கட்டுபவருக்கு அந்த வேடம் இறங்க நேரமாகும் என்று சொல்வார்கள். இந்தக் கதைகளில் வெடிச்சத்தத்தோடு வேடம் ஒரே நொடியில் கலைந்துவிடுகிறது. ஒரு நிமிடம் முன்பு தான் யாராக இருந்தோம் என்று கதைசொல்லி திரும்பிப் பார்ப்பதே இல்லை. கெல்லிகூடப் பார்ப்பதில்லை. அவருக்குப் போர் இருக்கிறது, அதற்குள் ஒளிந்துகொள்கிறார்.

புறநானூற்றின் 320ஆம் பாடலை நான் பல வருடம் முன்பே வாசித்திருந்தேன், நினைவில் இல்லை. வீரை வெளியனார் பாடியது. நண்பன்தான் நினைவூட்டினான். பந்தல் வேண்டாதபடி முன்றிலில் முஞ்ஞையும் முசுண்டையும் படர்ந்த நிழலில் வேட்டுவன் அசந்து தூங்குகிறான். பக்கத்தில் 'பார்வை' மான். பார்வை என்றால் மற்ற மான்களைக் கவர்ந்து இழுக்கப் பழக்கி வைத்திருக்கும் பெண்மான். டெக்காய் என்பதற்கு இதைவிடப் பழைய, இதைவிட நல்ல சொல் எந்த மொழியில் இருக்கிறது? காட்டிலிருந்து தனியாக வந்த ஒரு கலைமான் அந்தப் பிணையோடு கூடி விளையாடுகிறது. பொறி வேலை செய்துவிட்டது. சுட வேண்டிய ஆள் தூங்குகிறான். அவன் மனைவி பார்க்கிறாள். கணவன் எழுந்துவிடுவானோ என்று பயம், கலைமான் பிணையை விட்டுப் போய்விடுமோ என்றும் பயம். அதனால் அசையாமல் இருக்கிறாள். வீடு அவ்வளவு நிசப்தமாக இருப்பதைக் கண்டு, மான்தோலில் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து கலகலவென்று தின்கின்றன.

இந்தப் பாடலை அகிம்சைக்கு எடுத்துக்காட்டாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே பாடலில் சந்தனக் கட்டை நெருப்பில் சுட்ட இறைச்சி இருக்கிறது. பாணனைச் சுற்றத்தோடு உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகச் சொல்கிறது. இது கறி சாப்பிடும் வீடு. என்னை ஆட்டியது வேறு. அந்தப் பெண்ணும் வான்கோழி வேட்டைக்காரனைப் போலவே மூச்சுக்கூட விடாமல், விரல் அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். உடம்பின் நிலை ஒன்றேதான். அவன் சுடுவதற்காக அசையாமல் இருக்கிறான், இவள் சுடப்படாமல் இருப்பதற்காக. இன்னொன்று: இங்கே பார்வை மான் வெறும் கருவியில்லை. அது உடம்புள்ள ஒரு மான், அதற்கும் அந்த இன்பத்தில் பங்கு இருக்கிறது. 'அந்தப் பெட்டை யாரு' என்ற கேள்விக்கு இந்தப் பாடல் பதில் வைத்திருக்கிறது.

இப்படி ஒப்பிடும்போது ஒரு அசௌகரியம் இருக்கிறது. அமெரிக்காக்காரன் சுடுகிறான், தமிழச்சி விட்டுவிடுகிறாள் என்று கோடு போட்டுக் காட்டினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் கோவில்பட்டிப் பக்கம் என் பெரிய மாமா கூண்டில் ஒரு கவுதாரி வளர்த்தார். விடியக்காலம் கரிசல் காட்டில் அந்தக் கூண்டை வைத்துச் சுற்றிக் கண்ணி விரிப்பார். கூண்டுக் கவுதாரி கத்தும். 'எவன்டா என் எல்லைக்குள்ள' என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு வந்து மாட்டும். 1972 சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். அவர் ரொம்ப நாள் கழித்துத்தான் நிறுத்தினார். நிறுத்தியது சட்டத்துக்காகவா, முழங்கால் வலிக்காகவா என்று வீட்டில் இன்னும் தர்க்கம் நடக்கிறது. 'மாமா, அது பாவமில்லையா?' என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். 'அதுவா வருது மருமவனே' என்றார். ஜார்ஜியாவில் அந்த ஓக் மரத்தடியில் அவர் வார்த்தையை இன்னொரு மொழியில், ஏறக்குறைய அதே தொனியில் கேட்டேன். மாமா எதையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவருக்கும் தராசு தேவைப்பட்டிருக்குமோ என்னவோ.

வேட்டைக் கதைகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் காட்டு வான்கோழி அற்றுப்போயிருந்தது. 1937இல் வந்த பிட்மன் ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியைக் காட்டுயிர்களுக்குத் திருப்பிவிட்டது. பண்ணையில் வளர்த்து விட்ட பறவைகள் காட்டில் தாக்குப்பிடிக்கவில்லை. காட்டுப் பறவைகளையே வெடிவலையால் பிடித்து வேறு காடுகளில் விட்டபோதுதான், 1950களிலிருந்து, எண்ணிக்கை ஏறியது. கெல்லியின் புத்தகம் வந்த அதே 1973இல்தான் தேசிய வான்கோழிக் கூட்டமைப்பும் தொடங்கப்பட்டது. அப்போது பதின்மூன்று லட்சம் அளவில் இருந்த பறவைகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுபது லட்சத்தைத் தாண்டின. வேட்டைக்காரன் காசில்லாமல் இது நடந்திருக்காது. உண்மை. பிறகு தெற்கு மாநிலங்களில் மறுபடி இறங்க ஆரம்பித்ததும் உண்மை. ஜார்ஜியா 2022இல் சீசன் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. இனச்சேர்க்கை உச்சத்துக்கு முன்பே பெரிய சேவல்களைச் சுட்டுவிட்டால் பெட்டைகள் முட்டையிடுவது பாதிக்கப்படுகிறதா என்று உயிரியலாளர்கள் யோசிக்கிறார்கள். ஆக நண்பனின் கேள்வி அறிவியலிலும் வந்து நிற்கிறது.

ஆனால் கதைக்குள் இந்த வாதம் வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. வெடித்த மறு பத்தியில் 'எங்கள் லைசன்ஸ் காசில்தான்...' என்று ஆரம்பிப்பார்கள். அது வாசகனுக்குக் கொடுக்கும் ரசீது. ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா ஈ கஸெத் 1942இல் ஒரு வேட்டை நூலுக்கு முன்னுரையாக எழுதத் தொடங்கியது ஒரு தனி நூலாகவே வளர்ந்துவிட்டது. அவர் இப்படி ரசீது நீட்டுவதில்லை. வேட்டைக்காரனுக்குக் கொல்வது இலக்கு இல்லை, வேட்டை நிஜமாக இருப்பதற்கான நிபந்தனை அது என்று நேருக்கு நேராகச் சொல்கிறார். ஏற்கிறேனோ இல்லையோ, அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஹெமிங்வேயின் 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஆஃப்ரிகா' கூடத் தப்பிக்கிறது. இத்தனை பாடுபட்டுத் தான் சுட்டதை விடக் கூட வந்தவன் சுட்ட குடு மானின் கொம்பு பெரிது என்று தெரிந்ததும் உள்ளே புழுங்குகிறாரே, அந்தப் பொறாமையை எழுத ஒரு தைரியம் வேண்டும். தராசையும் அளவுநாடாவையும் கதைக்குள் ஒரு நோயாகவே காட்டிவிட்டார். ஃபாக்னரின் 'தி பேர்' இன்னும் ஒரு படி மேலே. அந்தப் பையன் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகிறான், அதுவும் போதாமல் கடிகாரத்தையும் திசைகாட்டியையும் கழற்றிவிட்ட பிறகுதான் கரடி அவனுக்குக் கண்ணில் படுகிறது.

சராசரி வான்கோழிக் கதையை இவற்றோடு நிறுத்துவது நியாயமில்லைதான். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஃபாக்னர் ஆக ஆசைப்பட்டு எழுதவில்லை. ஆனால் அவருடைய புத்தகத்தில்தான் இந்த நூறிலும் எனக்குப் பிடித்த பக்கம் இருக்கிறது. ஒரு வருடம் அவர் முழங்கால் அறுவைக்குப் பிறகு துப்பாக்கி இல்லாமல் காட்டு ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூப்பிடுகிறார். சேவல் வருகிறது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டோமே என்று தர்மசங்கடம். விருந்தாளியை வாசலில் நிற்க வைத்தது போல. சேவல் இல்லாத பெட்டையைத் தேடிச் சுற்றிவிட்டுப் போகிறது. அடுத்த அத்தியாயத்திலேயே இருபத்து மூன்று பவுண்டு, பதினோரு அங்குலம் என்று பழைய குஷிக்குத் திரும்பிவிடுகிறார். ஆனாலும் அந்த ஒரு பக்கத்தில் வேடம் கலைய நேரம் எடுத்துக்கொண்டது.

என் மின்னஞ்சலை அதன்பின் மூன்று தடவை திருத்தி எழுதியிருக்கிறேன். முதல் திருத்தத்தில் வெடிச்சத்தத்துக்கு முன்பே கதையை நிறுத்தினேன். 'சுடலையா அப்போ?' என்றான் நண்பன். சுட்டாச்சே. அப்படி நிறுத்துவது தராசை விடப் பெரிய பொய். இரண்டாவதில் குற்ற உணர்வைச் சேர்த்தேன், அது அன்று இல்லாதது. மூன்றாவதில்தான் கவனித்தேன், வாசித்த கதைகளில் முக்கால்வாசியில் சாப்பாடே இல்லை. பாணனுக்குக் கறி பரிமாறாமல் முடிகின்றன. அதனால் அதை எழுதினேன்: நெஞ்சுக்கறியை டெஸ்டர் வைத்துக்கொண்டார். 'கால் ரொம்ப ரப்பரா இருக்கும், நாங்க பெருசா சீண்ட மாட்டோம். உங்க ஊர் மசாலாவுக்கு வேணா மசியும்' என்று இரண்டு தொடையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். குக்கரில் எட்டு விசில் விட்டேன். மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தேன். எட்டு விசிலுக்கும் அது அசையவில்லை, இன்னும் ஆறு விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், தனி ஆள், சூடான சோறு. நாலாவது வாயில் கடைவாய்ப் பல்லில் நறுக்கென்று ஏதோ பட்டது. எடுத்துப் பார்த்தேன். கடுகை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ஈயக் குண்டு. தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன்.